குளம்பு மார்க் சர்பத்தும் தலை குனிந்த நன்னாரியும்

அந்தக் காலத்தில், செடிகொடிகளும் ஆடுமாடுகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, நன்னாரி கொடியாக இல்லை. நிமிர்ந்த மரமாக நின்றது. மணமும் அதன் வேரில் இல்லை, இலையில் இருந்தது. காற்று எந்தப் பக்கம் வீசினாலும் வெகுதூரம் போகும். மலைப்பாதையில் வருகிறவர்கள் மரத்தைக் கண்ணால் காண்பதற்கு முன்பே மூக்கால் கண்டுகொள்வார்கள்.

அது நின்ற இடம் மலையடிவாரத்தில் ஒரு பாறை ஊற்றின் ஓரம். ஊற்றுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், ஒரு குட்டை இருந்தது. நன்னாரியின் வேர்கள் ஒரு பக்கம் ஊற்றுக்குள்ளும் மறுபக்கம் குட்டை வரைக்கும் போயிருந்தன. அந்த வட்டாரத்தில் எந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

கடற்கரையிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு மலையேறும் வண்டிகள் அந்த ஊற்றடியில்தான் நின்று இளைப்பாறும். உப்பு வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீரை அவர்கள் முதலில் குடிக்க மாட்டார்கள். மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். மாடு மூக்கை வைத்துப் பார்த்துக் குடித்தால் இவர்களும் குடிப்பார்கள். மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டால், நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டாலும் வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மனிதன் பார்த்து ஏமாறுவான், ஆசைப்பட்டும் ஏமாறுவான், மாட்டின் மூக்கு ஏமாறாது என்பது அவர்களுடைய கணக்கு.

அப்படி வந்தவர்களில் ஒருவன் சன்னாசி. மயிலை என்ற ஒற்றை மாடு பூட்டிய வண்டி அவனுடையது. ஒரு தடவை வண்டியின் அச்சு முறிந்து, தச்சன் வரும்வரை ஊற்றடியிலேயே நான்கு நாள் கிடக்க வேண்டியதாயிற்று. மூடாமல் வைத்திருந்த கலயத்தில் நன்னாரி இலைகள் விழுந்து ஊறிக் கிடந்தன. கவனிக்காமல் குடித்துவிட்டான். குடித்தவன் கலயத்தைக் கீழே வைக்கவில்லை. பிறகு, கையிலிருந்த கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, எலுமிச்சம்பழம் ஒன்றைப் பிழிந்து, மறுபடி குடித்தான்.

மறுநாள் அவனுடைய மச்சான் பெரியகருப்பன் உப்பு வண்டியோடு வந்தான். சன்னாசி அவனுக்கு ஒரு கலயம் கொடுத்தான்.

"மாப்ளே," என்றான் பெரியகருப்பன், வாயைத் துடைத்துக்கொண்டு. "என் வீட்டுல இப்படி ஒரு வாய்த் தண்ணி கிடைச்சிருந்தா நான் ஏன் உப்பைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலையிறேன்."

"தங்கச்சி காதுல விழுந்துறப் போகுது மச்சான்."

"விழட்டும். அப்பவாவது நல்ல தண்ணி குடுப்பா."

நன்னாரி மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அதுவரை அதை யாரும் குடித்ததில்லை. தன்னை ஒருவர் வாய்க்குள் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிற அழகை அது அன்றைக்குத்தான் பார்த்தது. அந்தக் காட்சியின் மேல் அதற்கு ஒரு பிரியம் விழுந்துவிட்டது. எல்லாக் கோளாறும் அங்கேதான் தொடங்கியது என்று சொல்லலாம். ஆனால் தன்னைப் பிடித்திருக்கிறது என்று கேட்டு மகிழாதவர் யார் என்று யோசித்தால், அதைக் குற்றம் என்று சொல்லவும் நாக்கு வரவில்லை.

அச்சு சரியான பிறகும் சன்னாசி மலையேறவில்லை. ஊற்றடியிலேயே ஒரு கொட்டகை போட்டான். வருகிற வண்டிக்காரர்களுக்குச் சர்பத் கொடுத்தான். அவர்கள் போகிற ஊர்களில் எல்லாம் அதைப் பற்றிச் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் எங்களுக்கும் கொண்டுவா என்றார்கள். கலயத்தின் வாயைத் துணியால் கட்டி, மேலே ஈரக் களிமண் அப்பி அனுப்பத் தொடங்கினான் சன்னாசி.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரு கேள்வி கேட்டார்கள். "மாடு குடிச்ச தண்ணியா?"

அதற்குச் சன்னாசி ஒரு வழி கண்டுபிடித்தான். விடியற்காலையில் ஊற்றுத் தண்ணீரைக் கல்தொட்டியில் நிரப்பி மயிலையைக் கூப்பிடுவான். அது முகர்ந்து பார்த்து நாலு வாய் குடிக்கும். அதற்குப் பிறகுதான் மிச்சத் தண்ணீரில் நன்னாரி இலை விழும், கருப்பட்டி கரையும். கலயங்களைக் கட்டிக் களிமண் அப்பியதும் மயிலை ஒவ்வொன்றின் மேலும் தன் வலது முன்னங்காலை மெதுவாக வைத்து எடுக்கும். களிமண்ணில் பிளந்த குளம்பின் தடம் பதியும். நான் குடித்தேன், நீங்கள் குடிக்கலாம் என்பதுதான் அந்தத் தடத்தின் பொருள். குளம்பு மார்க் சர்பத் என்ற பேர் அப்படி வந்தது.

மயிலையின் முதுகில் ஒரு மைனா குடியிருந்தது. உண்ணி பொறுக்கும், ஊர்க்கதை பேசும்.

"மாமா," என்று ஒரு நாள் அது சொன்னது, "ஊரே உன் காலடியை நம்பிக் குடிக்குது. அந்தக் காலை நீ எதுல எல்லாம் வைக்கிறேன்னு எனக்குத்தான் தெரியும்."

"முத்திரை வைக்க முந்திக் கழுவிட்டுத்தான் வைக்கிறேன். நீ என் முதுகுல உக்காந்து என்னென்ன பண்றேன்னு நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?"

நன்னாரி சிரித்தது. அது சிரித்தால் பத்து இலை உதிரும். "சண்டை போடாதீங்க தம்பி," என்றது. மயிலையை அது தம்பி என்றுதான் கூப்பிடும். மயிலை அதை அக்கா என்று கூப்பிடும். மத்தியான வெயிலில் மயிலை படுக்கிற இடத்துக்கு நேராகத் தன் கிளைகளைத் திருப்பி வைக்கும் நன்னாரி. அந்த மரத்தின் கிளைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்ததற்கு அதுதான் காரணம்.

பேர் பெருகியது. வேறு இலைகளைப் போட்டு, ஆட்டுக் குளம்பை வைத்து முத்திரை குத்தியும் சிலர் விற்றுப் பார்த்தார்கள். வாங்கியவர்கள் தடத்தைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் குளம்பு மார்க் இல்லையென்றால் சம்பந்திகள் முகம் சுளித்தார்கள். காய்ச்சலில் படுத்தவர்கள் எழுந்ததும் அதைத்தான் கேட்டார்கள்.

கலயங்கள் கூடக் கூடச் சன்னாசிக்கு ஒரு தொல்லை வந்தது. காலையில் மாடு குடித்து, பிறகு இலை போட்டு, அது ஊறி முடிவதற்குள் வெயில் ஏறிவிடும். வண்டிகள் தாமதமாகும். ஆகவே மாலையிலேயே தொட்டியை நிரப்பி இலையை ஊறப்போட்டான். காலையில் மயிலையைக் கூப்பிட்டான்.

மயிலை மூக்கை வைத்துப் பார்த்தது. தலையைத் தூக்கியது. மறுபடி வைத்துப் பார்த்தது.

"அண்ணே, எனக்குத் தண்ணி வாசனையே தெரியல. அக்கா வாசனைதான் தெரியுது."

"எல்லாம் அதே ஊத்துத் தண்ணிதான். குடி," என்றான் சன்னாசி.

மயிலை நன்னாரியைப் பார்த்தது. "அக்கா, குடிக்கலாமா?"

நன்னாரியின் வேர் ஊற்றுக்குள் இருந்தது. தண்ணீர் நல்ல தண்ணீர். "குடி தம்பி," என்றது. அது உண்மை.

மறுநாளும் மயிலை கேட்டது. அதற்கு மறுநாளும் கேட்டது. பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. காலையில் தொட்டிக்குப் போகும், முகர்ந்துகூடப் பார்க்காமல் நிமிர்ந்து, "அக்கா, குடிக்கலாமா?" என்று கேட்கும். "குடி தம்பி" என்று நன்னாரி சொல்லும். குடித்துவிட்டு முத்திரை வைக்கும். களிமண்ணில் பதிந்தது மயிலையின் குளம்புதான். ஆனால் அதற்குப் பின்னால் இருந்தது மயிலையின் மூக்கு இல்லை, நன்னாரியின் சொல். இது மாறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. சன்னாசி கவனிக்கவில்லை, குடித்தவர்கள் கவனிக்கவில்லை. நன்னாரி கவனித்தது. கவனித்துப் பெருமைப்பட்டது.

இப்படி இருக்கும்போது ஒரு வருஷம் மழை பொய்த்தது. பங்குனியிலேயே ஊற்று மெலிந்துவிட்டது. சித்திரையில் மலைக்கு அந்தப் பக்கம் பெரிய மாட்டுச் சந்தை கூடும். சந்தைக்கு நூறு கலயம் தருவதாகச் சன்னாசி வாக்குக் கொடுத்திருந்தான். சந்தைக்கு முந்திய நாள் மாலையில் ஊற்றில் சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணீர் விழுந்தது.

சன்னாசி குடத்தை எடுத்துக்கொண்டு கீழே குட்டைக்குப் போனான். நன்னாரி பார்த்துக்கொண்டு நின்றது. குட்டை சுருங்கி, பச்சையாகக் குழம்பிப் போயிருந்தது. செத்த கெண்டைகள் ஓரமாக ஒதுங்கியிருந்தன. மூன்று நாளுக்கு முன்பே நன்னாரியின் வேர் நுனியில் அந்தத் தண்ணீர் பட்டது. பட்ட வேர் சுருண்டு பின்வாங்கியது. அது வெறும் நாற்றம் அல்ல, விஷம் என்று நன்னாரிக்குத் தெரியும்.

தொட்டி நிரம்பியது. சன்னாசி மரத்தடியில் வந்து நின்றான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தாயி, இன்னைக்கு இலை கொஞ்சம் கூடுதலாப் போடு."

"இது எந்தத் தண்ணி சன்னாசி?"

"துணியை நாலா மடிச்சு வடிகட்டிட்டேன்."

"நான் அதைக் கேக்கல."

சன்னாசி குடத்தைக் கீழே வைத்தான். பிறகு, "நாளைக்கு அங்க அத்தனை சனம் காத்துக்கிட்டு இருக்கும் தாயி. குளம்பு மார்க் வரலைன்னா வேற எவனாவது வருவான். துளசியைப் போட்டு, வெட்டிவேரைப் போட்டுக் குடுப்பான். சனத்துக்கு ஒரு தடவை ருசி மாறிச்சுன்னா அப்புறம் உன்னை யாரு நெனைக்கப் போறா? ஒரு நாள்தானே. உன் மணத்துக்கு முன்னால இந்தத் தண்ணி எம்மாத்திரம்?" என்றான்.

நன்னாரி தன் கிளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஓர் இலைகூட விழாமல் நின்றிருக்கலாம். யாரும் அதை உலுக்கவில்லை. வெட்டுவேன் என்று மிரட்டவில்லை. வெட்டுவேன் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை அது மறுத்திருக்கும். மிரட்டினால் எதிர்த்து நிற்பது எளிது. உன்னை மறந்துவிடுவார்கள் என்று மெதுவாகச் சொன்னால் என்ன செய்வது?

இலைகள் விழுந்தன. வழக்கத்தை விட இரண்டு பங்கு விழுந்தன.

விடிந்ததும் பெரியகருப்பன் தன் வண்டியோடு வந்து சேர்ந்தான். முந்திய ஊர்க் கிணற்றிலேயே தன் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்திருந்தான். கலயங்களில் பாதி அவன் வண்டியில், பாதி மயிலையின் வண்டியில் என்று பேச்சு. மயிலை கொட்டகையிலிருந்து வந்து தொட்டிக்கு முன்னால் நின்றது. ஊற்று வற்றியதால் முந்திய நாள் முழுக்க அதற்கும் சரியாகத் தண்ணீர் கிடைக்கவில்லை. நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டது.

"அக்கா, குடிக்கலாமா?"

நன்னாரி பேசவில்லை.

"என்ன, அக்காவுக்குக் காலையிலேயே வாய் ஒட்டிக்கிச்சா?" என்றது மைனா, மயிலையின் முதுகிலிருந்து. "மாமா காத்துக்கிட்டு இருக்காருல்ல."

சன்னாசி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். கட்டியதை மறுபடி அவிழ்த்தான்.

வழக்கமாக நாலு வாய்தானே குடிப்பான், நாலு வாயில் என்ன ஆகிவிடும் என்று நன்னாரி நினைத்தது. இத்தனை பேர் முன்னால் இப்போது எப்படிச் சொல்வது என்றும் நினைத்தது. இன்னும் கொஞ்சம் நேரம் நினைக்கக் கிடைத்திருந்தால் வேறு மாதிரி நினைத்திருக்குமோ என்னவோ. மயிலை தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றது.

"குடி தம்பி," என்றது நன்னாரி.

மயிலை குனிந்து குடித்தது. நாலு வாய் ஆயிற்று. பத்து வாய் ஆயிற்று. தொட்டியில் தண்ணீர் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

"போதும் தம்பி," என்றது நன்னாரி.

"இன்னும் கொஞ்சம் அக்கா. இன்னைக்கு உன் வாசனை கூடுதலா இருக்கு."

குடித்து முடித்து, மயிலை காலைக் கழுவிக்கொண்டு, நூறு கலயத்துக்கும் முத்திரை வைத்தது. வண்டிகள் கிளம்பின. பாதை வளைகிற இடத்தில் மயிலை ஒரு தடவை திரும்பிப் பார்த்து வாலைச் சுழற்றியது. தினமும் செய்வதுதான்.

வெயில் சாயும் நேரத்தில் மைனா மட்டும் திரும்பி வந்தது. வந்து, நன்னாரியின் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து, வெகுநேரம் இறகைக் கோதிக்கொண்டே இருந்தது. அந்த மைனா அத்தனை நேரம் பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

"மாமா போயிருச்சு அக்கா," என்றது.

கடைசி ஏற்றம் ஏறியதும் கீழே சந்தை தெரிந்ததாம். அங்கே வைத்து மயிலைக்குக் கால் பின்னியதாம். முன்னங்காலை மடித்தது, வாயில் நுரை தள்ளியது. அந்த நேரத்தில் பெரியகருப்பன் தாகம் என்று ஒரு கலயத்தின் மண்ணைத் தட்டி எடுத்து வாய்க்குக் கொண்டுபோயிருந்தானாம். மாடு விழுந்த சத்தம் கேட்டுக் கலயத்தைப் போட்டுவிட்டு ஓடினான். நுகத்தடியைக் கழற்றி, தலையை மடியில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம்தான்.

உப்பு வண்டிக்காரர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. பாதையில் மாடு செத்தால், அது இழுத்து வந்த சரக்கை விற்க மாட்டார்கள். உப்போ தானியமோ, அந்த இடத்திலேயே இறக்கி மண்ணில் விட்டுவிடுவார்கள். பெரியகருப்பன் நூறு கலயத்தையும் அங்கேயே கவிழ்த்தான். தன் வண்டியில் இருந்த பாதியையும் விட்டுவைக்கவில்லை. எல்லாம் மயிலை முத்திரை வைத்தவைதானே. சன்னாசி தடுக்கவும் இல்லை, உதவி செய்யவும் இல்லை. ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

"எல்லாரும் வெயில் தாங்கலைன்னு சொல்றாங்க," என்றது மைனா. "சந்தையில இருந்து சனமெல்லாம் மேல ஏறி வந்து மாமாவைக் கும்பிட்டுட்டுப் போச்சு. நம்ம தாகத்தைத் தீர்க்க வந்த மாடு வெயில்ல செத்துப்போச்சேன்னு ஒரே அழுகை. செத்த இடத்துல ஒரு கல்லு நடப் போறாங்களாம்."

நன்னாரி, "அவன் ஏதாவது சொன்னானா?" என்று கேட்டது.

மைனா தயங்கியது. "சொல்லாதேன்னுதான் சொல்லிச்சு. எனக்குத்தான் வாய் நிக்காதே, உனக்கே தெரியும். கண்ணு சொருகுறப்போ என்னைக் கிட்டக் கூப்பிட்டு, 'தண்ணியில என்னமோ இருந்திருக்கு. அக்காவுக்கு அது தெரிஞ்சிருக்காது, தெரிஞ்சா சொல்லியிருக்கும். நீ போய் இதைச் சொல்லி அதோட மனசைக் கஷ்டப்படுத்தாதே'ன்னு சொல்லிச்சு."

அவ்வளவுதான் மயிலை சொன்னது.

"உனக்குத் தெரியாதுல்ல அக்கா?" என்று கேட்டது மைனா.

மைனா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து பறந்து போனது. அதன் பிறகு அந்த மரத்தில் அது உட்காரவில்லை.

பத்து நாள் கழித்துக் கோடை மழை கொட்டியது. ஊற்றில் மறுபடி தண்ணீர் பொங்கியது. சன்னாசி திரும்பி வந்தான். கூடவே ஓர் இளங்காளையைப் பிடித்துக்கொண்டு வந்தான். அதைக் கொட்டகையில் கட்டிவிட்டு மரத்தடிக்கு வந்தான்.

"யாருக்கும் தெரியாது தாயி," என்றான் மெதுவாக.

"நமக்குத் தெரியும்."

"நமக்குத்தானே. நாம வெளியே சொல்லப் போறமா?" அவனுடைய கண்கள் உள்ளே போயிருந்தன. நல்ல தூக்கம் தூங்கிப் பல நாள் ஆனவன்போல இருந்தான். "முன்னைவிட இப்பதான் கேக்குறவங்க அதிகம். மயிலை பேரைச் சொல்லியே வாங்குறாங்க. இனி ஒருநாளும் குட்டைப் பக்கம் போக மாட்டேன். சத்தியம். நல்ல தண்ணி, நல்ல இலை. நடந்தது நடந்துபோச்சு."

நன்னாரி எதுவும் சொல்லவில்லை. சன்னாசி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். பேசாமல் இருப்பவர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடுகிறது.

மறுநாள் காலையில் மலையேற வந்த உப்பு வண்டிகள் ஏழெட்டு நின்றன. பெரியகருப்பனும் இருந்தான். மழைக்குப் பிறகு முதல் கலயம் குடிக்க எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள். காற்றில் பழைய இலைகள் சில தொட்டியில் விழுந்து, தண்ணீர் மணத்துக்கொண்டிருந்தது. சன்னாசி இளங்காளையை அழைத்து வந்து தொட்டிக்கு முன்னால் நிறுத்தினான். அது புது இடத்துக்கு வந்த கூச்சத்தோடு, சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் சொல்ல வேண்டுமே என்ற பயத்தோடு, நிமிர்ந்து பார்த்தது.

"அக்கா, குடிக்கலாமா?"

இந்தத் தடவை தண்ணீர் நல்ல தண்ணீர். ஊற்றிலிருந்து வந்தது. 'குடி' என்று சொன்னால் அது உண்மை. ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

நன்னாரியால் அதைச் சொல்ல முடியவில்லை.

"என்னைக் கேக்காதே தம்பி," என்றது. "யாரையும் கேக்காதே. தண்ணி மேல ஊது. என் வாசனையை ஊதித் தள்ளிட்டு, அடியில இருக்கிற தண்ணியை நீயே மோந்து பாரு. உனக்குப் பிடிச்சா குடி."

காளை புரியாமல் விழித்தது. வண்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மயிலை வெயில்ல சாகல," என்றது நன்னாரி. "அன்னைக்குத் தொட்டியில இருந்தது குட்டைத் தண்ணி. கெட்ட தண்ணின்னு எனக்குத் தெரியும். குடிக்கலாமான்னு மயிலை என்னைக் கேட்டான். தெரிஞ்சேதான் குடின்னு சொன்னேன்."

பெரியகருப்பன் சன்னாசியின் பக்கம் திரும்பினான்.

"உனக்கும் தெரியுமா மாப்ளே?"

சன்னாசி நிலத்தைப் பார்த்தான். "தெரியும் மச்சான்."

"நான் அந்தக் கலயத்தை வாய்க்குக் கொண்டுபோனப்போ, பாத்துக்கிட்டுத்தானே நின்ன?"

"ஆமா."

பெரியகருப்பன் அதற்கு மேல் கேட்கவில்லை. அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. தன் மாடுகளைப் பூட்டினான். மற்றவர்களும் பூட்டினார்கள். தாகத்தோடு வந்தவர்கள் தாகத்தோடு கிளம்பிப் போனார்கள். சக்கரச் சத்தம் மலைமேல் ஏறி மறையும்வரை சன்னாசி நின்ற இடத்தில் நின்றான்.

அவன் நிமிர்ந்து பார்த்தபோது மரம் முன்போல நிமிர்ந்து நிற்கவில்லை. நன்னாரி குனியத் தொடங்கியிருந்தது. முதலில் கிளைகள் தாழ்ந்தன. பிறகு தண்டு வளைந்தது. வளைய வளைய மெலிந்து, கயிறுபோல ஆகி, தரையைத் தொட்டு, தொட்ட இடத்திலும் நிற்காமல் பக்கத்திலிருந்த முட்புதருக்குள் ஊர்ந்து போய் முகத்தை மறைத்துக்கொண்டது. மணம் இலைகளை விட்டு இறங்கியது. இலையின் நடுவே அது இறங்கிப் போன வழி வெளுத்து ஒரு கோடாக நின்றது. தண்டு வழியாக, மண் வழியாக, குட்டைத் தண்ணீர் பட்டுச் சுருண்ட அந்த வேர் வரைக்கும் போய் அங்கே ஒளிந்துகொண்டது.

சன்னாசி ஓர் இலையைப் பறித்துக் கசக்கி மூக்கருகே வைத்தான். ஒன்றும் இல்லை. விரலில் வெள்ளைப் பால் மட்டும் ஒட்டியது. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை. நன்னாரி பிறகு யாரிடமும் பேசியதில்லை.

அவன் மண்டியிட்டு, முள் கிழிக்கக் கிழிக்கப் புதருக்குள் கையை விட்டு, மண்ணைத் தோண்டினான். முழங்கை ஆழத்தில் வேர் கிடைத்தது. மணம் முழுக்க அதில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவன் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

குளம்பு மார்க் சர்பத் அன்றோடு நின்றுபோயிருக்க வேண்டும். நிற்கவில்லை. யாருடைய வெட்கத்துக்காகவும் தாகம் காத்திருப்பதில்லை. சில வருஷம் கழித்து வேரைத் தட்டிக் காய்ச்சிப் பாகு எடுக்க மனிதர்கள் கற்றுக்கொண்டார்கள். சன்னாசியும் காய்ச்சினான். ஆனால் அவன் கடையில் மட்டும், வெறும் தண்ணீரைக் கையில் கொடுத்து, வந்தவர்கள் தாங்களே பார்த்து, முகர்ந்து, ஒரு வாய் குடித்து, சரி என்று சொன்ன பிறகுதான் பாகு ஊற்றுவான். ஏன் என்று கேட்டவர்களிடம் நடந்ததைச் சொன்னான். சிலர் கேட்டுவிட்டுக் குடித்தார்கள். சிலர் குடிக்காமல் போனார்கள். போனவர்களை அவன் திரும்பக் கூப்பிட்டதில்லை. கலயம் போய்ப் புட்டி வந்தது, களிமண் போய்க் காகிதம் வந்தது. காகிதத்தில் குளம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அது யாருடைய குளம்பு என்று வாங்குகிறவர்கள் கேட்பதில்லை.

அந்த நாளிலிருந்துதான் மாடுகள் பிறர் வாயை நம்பாமல், தண்ணீரை மூச்சால் ஊதி விலக்கி, முகர்ந்து பார்த்துக் குடிக்கின்றன. அந்த நாளிலிருந்துதான் நன்னாரி நிமிர்ந்து நிற்காமல் முட்புதரின் காலடியில் படுத்துக் கிடக்கிறது. யாராவது அதன் வேரைப் பிடுங்கி மூக்கில் வைத்து, என்ன அருமையான வாசனை என்று சொல்லும்போதெல்லாம், மண்ணுக்குள் மிச்சமிருக்கும் வேர் இன்னும் ஒரு விரற்கடை கீழே போகிறது.